ஹவாய் அருவி நடைக்கு வழிகாட்டி தேவையா?

கேள்வி: மகன் ஹொனலுலுவில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் அவனிடம் போகிறோம். மனோவா அருவிக்கு வழிகாட்டியோடு போகும் நடைப்பயணத்துக்குப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கிறான். எனக்கு வயது 58. படி இறங்கினால் வலது மூட்டு வலிக்கும். என்னால் முடியுமா? இந்தச் சின்ன தூரத்துக்கு வழிகாட்டி எதற்கு? குற்றாலம் மாதிரி அங்கே குளிக்கலாமா?
– கோவை வாசகி ஒருவர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. குளிக்கக் கூடாது. அருவி என்றாலே தலையைக் கொடுத்து நிற்பது நம் வழக்கம். ஹவாயில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

ஹொனலுலுவும் மனோவா அருவியும் இருக்கும் ஓவாஹு தீவு, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவானது. கெட்டியான பாறை அடுக்குகளுக்கு நடுவே உதிர்ந்துபோகும் சரளை அடுக்குகளும் உண்டு. மழை அவற்றை அரித்துவிட்டால், மேலே இருக்கும் பாறை பிடிமானம் இழந்து பெயர்ந்து விழும். 1999 மே 9, அன்னையர் தினத்தன்று, இதே தீவின் சேக்ரட் ஃபால்ஸ் அருவியடியில் கூடியிருந்தவர்கள் மேல் பாறைகள் சரிந்து 8 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பாதை மூடப்பட்டது.

இன்னொரு காரணம், எலிக்காய்ச்சல். எலி, காட்டுப்பன்றி போன்றவற்றின் சிறுநீர் கலந்த ஓடைநீரில் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உள்ளே போய்விடும். நனைந்து இரண்டு நாளிலும் வரலாம், நான்கு வாரம் கழித்தும் வரலாம். ஊர் திரும்பியபின் காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஹவாயில் ஓடைநீரில் கால் நனைத்தேன் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவருக்கு அது தானாகத் தோன்றாது.

இனி வழிகாட்டி. போக வர சுமார் 2.6 கிலோமீட்டர்தான். பாதை தெளிவானது, தொலைந்துபோக வாய்ப்பு குறைவு. வறண்ட கோடையில் கேட்டிருந்தால் மகனோடு போய் வாருங்கள் என்றிருப்பேன். நீங்கள் போவது டிசம்பரில், மழைக்காலத்தில். வடகிழக்கிலிருந்து வரும் காற்று கூலாவ் மலையில் மோதி மேலே மழையைக் கொட்டும். அதே நேரம் கீழே வைக்கீக்கிக் கடற்கரையில் வெயில் அடிக்கும். சரிவு செங்குத்து, ஓடைகள் நீளம் குறைந்தவை. மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனதே, அதே இயற்கைதான் இங்கும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போக நினைக்கவே கூடாது. மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள்.

இதைப் பார்த்து, "இன்று வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஆகவே பதிவு செய்யுமுன் மகனை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: பாதி வழியில் திரும்பினால் பணம் என்னாகும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதலுதவிப் பயிற்சி உண்டா? மாநில அரசின் அனுமதி இருக்கிறதா? அரசுப் பாதைகளில் கட்டணம் வாங்கி ஆட்களை அழைத்துப்போக அனுமதி கட்டாயம். எந்த மழையிலும் அருவியடி வரை கூட்டிப்போவோம் என்று பெருமையாகச் சொல்லும் ஆளிடம் போகாதீர்கள்.

மூட்டு விஷயத்தில், ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் தேவை. இரண்டு கைக்கும் மலையேற்றக் கோல் வைத்துக்கொள்ளுங்கள்; உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கைகள் வாங்கிக்கொள்ளும். மழையில் பாதை முழுக்கச் சேறு. மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஆயிரம் கால்கள் மிதித்து வழவழவென்று ஆனவை. வேரின்மேல் கால் வைக்காமல், வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில் பாதம் முழுக்கப் பதியும்படி வையுங்கள். கறுத்து மினுமினுக்கும் கல்லைத் தவிர்த்து, சொரசொரப்பான கல்லைத் தேர்ந்தெடுங்கள். சமதரையில் நடந்தாலே வலிக்கிறது என்றால், புறப்படுமுன் எலும்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடியில் ஆழமான பற்கள் உள்ள, நன்கு பழகிய ஷூ போதும். புது ஷூ வேண்டாம். புடவை, ஜீன்ஸ் இரண்டுமே நனைந்தால் கனக்கும். கொசு விரட்டும் களிம்பு அவசியம். பல பாதைகளின் தொடக்கத்தில் ஷூவைத் தேய்க்க பிரஷ் வைத்திருப்பார்கள். ஓஹியா என்ற அந்த மண்ணின் மரத்தைப் பூஞ்சை நோய் ஒன்று கொன்றுவருகிறது. நம் ஷூவில் ஒட்டிய சேறே அதைப் பரப்பும். போகும்போதும் வரும்போதும் தவறாமல் தேய்த்துவிடுங்கள்.

டிசம்பரில் 6 மணிக்குள் சூரியன் மறையும், பள்ளத்தாக்கில் இன்னும் சீக்கிரம் இருட்டும். காலை நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். மழையால் தள்ளிப்போனால் மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும்.