வேடந்தாங்கலுக்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: பள்ளி விடுமுறை தொடங்கியதும், ஏப்ரல் கடைசியில், இரண்டு பிள்ளைகளோடு வேடந்தாங்கல் போனோம். உச்சி வெயில், தண்ணீர் வற்றிய ஏரி, ஒன்றிரண்டு நீர்க்காகங்கள். அவ்வளவுதான். வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்க எப்போது வர வேண்டும்?

பதில்: நீங்கள் போனது பிள்ளைப்பேறு முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு. அதற்குப் பறவைகளைக் குறை சொல்ல முடியாது.

'வெளிநாட்டுப் பறவை' என்ற சொல்லை முதலில் சற்று ஒதுக்கிவைப்போம். ஏரி மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் இந்தியாவிலேயே தண்ணீரைத் தேடி இடம் மாறுபவை. சைபீரியாவிலிருந்து வந்து இங்கே முட்டையிடுகின்றன என்று இன்றும் பலர் சொல்கிறார்கள்; தவறு. உண்மையில் வடக்கிலிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை. அவை குளிருக்குத் தப்பி இரை தேடி வருகின்றன. இங்கே கூடு கட்டுவதில்லை.

இந்த வேறுபாடு தெரிந்தால் எப்போது போவது என்பதும் பிடிபட்டுவிடும். வாத்துகளை அனுப்புவது வடக்கின் குளிர். நாரைகளை அழைப்பது நம் வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பி நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி மூழ்கினால், அந்தத் தண்ணீரே கூடுகளுக்கு அகழி. பூனையும் நாயும் நெருங்க முடியாது. சுற்றுவட்டார ஏரிகளில் மீனும் நத்தையும் பெருகுவதால் குஞ்சுகளுக்கு உணவும் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஜனவரியில் போனாலும் ஏமாற்றம்தான். மழை நன்றாகப் பெய்திருந்தால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை தாராளமாகப் போகலாம். கிளம்பும் முன் வனத்துறையிடம் 'திறந்திருக்கிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர், குஞ்சு பொரித்துவிட்டனவா என்றும் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். இத்தனை அலகுகளுக்கு அதில் இரை போதாது. பறவைகள் காலையில் மதுராந்தகம் ஏரிக்கும் வயல்களுக்கும் பறந்துவிட்டு மாலையில் திரும்புகின்றன. நாலு மணிக்குக் கரையில் நின்றால், வானம் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். விடியற்காலையும் நல்லதே, பிள்ளைகளை எழுப்ப முடிந்தால்.

பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பட்டியல் போட்டு இனங்களை எண்ண வைக்காமல், ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துக் கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீன் எடுப்பதையோ, நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுப்பதையோ பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு பிள்ளைகளே உங்களை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

கத்தாமல் இருக்கச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. பெரிய பறவை மிரண்டு எழுந்தால், திறந்து கிடக்கும் முட்டையைக் காக்கை கொத்திப்போக ஒரு நிமிடம் போதும். ஊர்க்காரர்கள் இதை எப்போதோ உணர்ந்தவர்கள். பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். அன்பு ஒருபுறம் இருக்க, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் எதற்கு?

வாத்துகள்தான் வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள கரிக்கிலிக்குப் போங்கள். 2022இல் வேடந்தாங்கலோடு அதுவும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கூட்டம் குறைவு. காலையில் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து வந்தால் திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுச் சாலையில் திரும்ப வேண்டும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.