17,000 சம்பளமா, அப்ரண்டிஸா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இந்த வருடம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டர் மூலம் மாதம் 17,000 ரூபாய்க்கு வேலை இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு 5,000 ரூபாய் தர வேண்டுமாம். அம்பத்தூரில் வேறொரு கம்பெனி ஒரு வருட அப்ரண்டிஸாகக் கூப்பிடுகிறது. உதவித்தொகை பாதிதான் வரும். அப்பா ஒரகடம் போகச் சொல்கிறார். எதற்குப் போவது?

பதில்: தம்பி, முதலில் அந்த ஐயாயிரத்தைக் கொடுக்காதீர்கள். வேலைக்குச் சேருகிறவரிடம் காசு கேட்கும் ஆளை நம்ப வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

என் ஓட்டு அம்பத்தூருக்கு. ஆனால் ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்த பிறகு. அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் உங்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். பதிவு இருந்தால், வருட முடிவில் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். பதிவில்லாமல் வெறுமனே 'ட்ரெயினி' என்று அடையாள அட்டை மாட்டிவிட்டால், குறைந்த சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடைத்தார் என்பதோடு சரி. அப்புறம், எந்த டிபார்ட்மென்ட் என்றும் கேளுங்கள். டூல் ரூம் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் இடம்), மெயின்டனன்ஸ் என்றால் தயங்காமல் சேருங்கள். டிராயிங் பார்த்து வேலை செய்யவும், மைக்ரோமீட்டரில் துல்லியமாக அளவெடுக்கவும், நின்றுபோன மெஷினைக் கழற்றி மாட்டவும் அங்கேதான் கை பழகும். அசெம்பிளி லைனில் நாள் முழுக்க அதே நாலு போல்ட்டை முடுக்கினால், இரண்டு வருடம் கழித்தும் உங்களுக்குத் தெரிந்தது அந்த நாலு போல்ட்தான். அப்ரண்டிஸ்களையும் லைனில் நிறுத்தும் கம்பெனிகள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அப்ரண்டிஸை சட்டம் தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை. பி.எஃப். கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை.

ஆனால் கான்ட்ராக்ட் வேலையும் நிலையானதல்ல. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கணக்கு நிறைவதற்குள் ஆளை மாற்றிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. நீங்கள் இருக்கப்போவதோ கம்பெனியின் கணக்கில் அல்ல, கான்ட்ராக்டரின் கணக்கில்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) அப்ரண்டிஸ் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வீட்டில் கடன் நெருக்கி, ஒரகடம்தான் என்று ஆகிவிட்டால் அதிலும் தப்பில்லை. ஆனால் ஏஜென்ட்டை விட்டுவிட்டு நேரே கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போங்கள். 17,000 என்பது ஓ.டி. சேர்த்தா, சேர்க்காமலா? தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், அதற்குமேல் பிடித்தால் கேளுங்கள். முதல் மாதமே உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் போனிலேயே பாருங்கள்.