போர்தோவில் இரண்டு நாள், கால்நடையாக: கேள்வி பதில்

பிரான்சின் தென்மேற்கில், கரோன் ஆற்றங்கரையில் இருக்கும் போர்தோ நகரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள். வார இறுதியில் போய் நடந்து பார்க்கப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பாரிஸிலிருந்து சனி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதற்குள் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக. 2017-இல் புதிய அதிவேகப் பாதை வந்த பிறகு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பழைய நகரம் முழுக்க ஆற்றை ஒட்டியே இருக்கிறது, தெற்கே சேன்-மிஷேலிலிருந்து வடக்கே ஷார்த்ரோன் வரை நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஊர் சமதளம், மேடு பள்ளம் கிடையாது.

எங்கே ஆரம்பிப்பது? எல்லோரும் சேந்த் கத்ரீன் தெருவைச் சொல்கிறார்கள்.

அங்கே மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கடைத்தெரு அது, எந்த ஊரிலும் இருக்கும் அதே துணிக்கடைகள்தான், சனி மதியம் கூட்டத்தில் நகரவே முடியாது. ஆற்றிலிருந்து ஆரம்பியுங்கள். 1822-இல் திறந்த கல்பாலத்தில் (பதினேழு வளைவுகள் கொண்டது) நடந்து எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். ஆறு பிறைபோல வளைகிற இடத்தில் நகரம் முழுக்க ஒரே நிறக் கல்லில் வரிசையாக நிற்கும். அந்த வளைவால்தான் இதற்கு நிலாத் துறைமுகம் என்று பெயர், 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அந்தப் பெயரில்தான். அதுவரை கட்டடம் கட்டடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கிருந்து பார்த்தால்தான் மொத்த ஊரும் பிடிபடும்.

அப்புறம் இக்கரைக்கு வந்து, 1490-களில் கட்டிய காயோ வாசல் வழியாக சேன்-பியேர் சந்துகளுக்குள் நுழையுங்கள், வழி தவறினால் தவறட்டும், எப்படியும் பூர்ஸ் சதுக்கத்துக்கு வந்து சேர்வீர்கள். அதுவரை கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்த ஊர், 18-ஆம் நூற்றாண்டில் சுவரை உடைத்து ஆற்றைப் பார்த்தபடி கட்டிக்கொண்ட முற்றம் அது. அதன் எதிரே 2006-இல் அமைத்த நீர்க்கண்ணாடி: கருங்கல் தளத்தில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பனிமூட்டம். மாலை வெளிச்சத்தில் இன்னொரு முறை போங்கள். குளிர்காலத்தில் தண்ணீர் விட மாட்டார்கள், அதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆறு ஏன் இப்படிக் கலங்கலாக இருக்கிறது? சாக்கடையா?

இல்லவே இல்லை. கடல் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) இங்கே வரை ஏறி வரும், அது களிமண்ணைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறம். ஓதம் ஏறும்போது பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுவது தெரியும். பாய்மரக் காலத்தில் கப்பல்கள் இந்த ஓதத்தைப் பிடித்துத்தான் உள்ளே வந்தன, ஒயினை ஏற்றிக்கொண்டு அது இறங்கும்போது வெளியேறின. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருந்தும் போர்தோ பெரிய துறைமுகமானதற்கு அது முக்கியக் காரணம்.

ஒயின் நகரம் என்கிறார்கள், ஊருக்குள் திராட்சைத் தோட்டத்தையே காணோமே?

தோட்டங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. போர்தோ வியாபாரம் நடந்த இடம். 1137-இல் இந்த ஊர்ப் பேராலயத்தில் பிரெஞ்சு இளவரசரை மணந்தவர் அலியெனோர், இந்தப் பகுதியின் வாரிசு. பின்னர் அவரைப் பிரிந்து ஹென்றி பிளான்டாஜெனட்டை மணந்தார். ஹென்றி 1154-இல் இங்கிலாந்து அரசரானார். 1453 வரை இந்தப் பகுதி ஆங்கிலேய அரசர்களிடம் இருந்தது. லண்டனுக்கு ஒயின் போன பாதை அப்படித்தான் பிறந்தது.

அதன் தொடர்ச்சியைப் பார்க்க ஷார்த்ரோன் போங்கள். டச்சு, ஐரிஷ், ஆங்கில, ஜெர்மன் வியாபாரிகள் பழைய சுவருக்கு வெளியே குடியேறிய இடம். முன்பக்கம் வீடும் அலுவலகமும், பின்னால் நீண்டு போகும் கிடங்குகள், அங்கே 225 லிட்டர் பீப்பாய்கள். நோத்ர்-தாம் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ருசி பார்க்க வேண்டுமென்றால் பெரிய நாடக அரங்குக்கு எதிரே, ஒயின் தொழில் கூட்டமைப்பே நடத்தும் பார் இருக்கிறது, கோப்பைக் கணக்கில் மலிவாகவே கிடைக்கும். ஞாயிறு விடுமுறை, ஆகவே சனி மாலையே போய்விடுங்கள். 1855-இல் இந்தப் பகுதித் தோட்டங்களுக்குப் போட்ட தரவரிசையில் இருக்கும் பிரபலப் பெயர்களைத் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம், பெயர் தெரியாத சிறு தோட்டங்களிலேயே நல்ல சரக்கு இருக்கிறது.

இவ்வளவு பெரிய மாளிகைகள் கட்ட ஒயின் பணம் மட்டும் போதுமா?

போதாது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 18-ஆம் நூற்றாண்டுச் செல்வத்தில் பெரும்பங்கு கரீபியன் தீவுகளின் சர்க்கரையிலும் காபியிலும் வந்தது, அதை விளைவித்தவர்கள் அடிமைகள். போர்தோவின் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றன. அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் 2009 முதல் இதற்கென்றே தனி அறைகள் இருக்கின்றன, எதை விட்டாலும் அவற்றை விடாதீர்கள். இந்த ஊர் வியாபாரிகள் அடிமையாக வாங்கிய மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணுக்கு 2019-இல் ஆற்றங்கரையில் சிலை வைத்தார்கள். பூர்ஸ் சதுக்கத்தில் ஜன்னல்களுக்கு மேலே கல்முகங்கள் இருக்கும், அவற்றில் ஆப்பிரிக்க முகங்களும் உண்டு, அண்ணாந்து பாருங்கள். அதைப் பார்த்த பிறகு அந்தச் சதுக்கத்தை வெறும் அழகு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் குடிப்பதில்லை, குழந்தைகளும் வருகிறார்கள். ஒயின் நகரம் என்ற அந்தப் புது அருங்காட்சியகம் அவசியமா?

2016-இல் திறந்த சித்தே து வானைச் சொல்கிறீர்கள். மழை பெய்தால் போங்கள், மேல்மாடத்தில் ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறும் தருவார்கள். வெயில் இருந்தால் நீர்க்கண்ணாடியும் பொதுப்பூங்காவுமே குழந்தைகளுக்குப் போதும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

ஞாயிறு காலை கபுசான் சந்தை. உள்ளூர்க்காரர்கள் அர்க்காஷோன் சிப்பியும் வெள்ளை ஒயினுமாக அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். சைவக்காரர்களுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது நல்ல வழி. கனலே என்ற கேக்கை வாங்குமுன் ஒன்று: அதில் முட்டையும் ரம்மும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

சேந்தெமிலியோன் போய் வரலாமா?

இரண்டே நாள் என்றால் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் அழகான ஒயின் ஊர்தான், பாறையைக் குடைந்த தேவாலயம் இருக்கிறது, ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஆனால் நிலையத்திலிருந்து ஊருக்கு நடக்க வேண்டும், ஞாயிறு ரயில்களும் குறைவு, அரை நாளுக்கு மேல் போய்விடும். மூன்றாவது நாள் கிடைத்தால் போங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கோபுரம் ஏற முடியாது, நீண்ட நடையும் சிரமம்.

பேராலயத்தின் மணிக்கோபுரமான பே-பெர்லானை விட்டுவிடுங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட குறுகலான சுழல்படிகள். பேராலயத்திலிருந்து அது ஏன் தள்ளி நிற்கிறது என்பதைக் கீழிருந்தே காட்டலாம்: சதுப்பு நிலம், மணி அதிர்வு கட்டடத்தைப் பாதிக்கும் என்று தனியாகக் கட்டினார்கள். ஆற்றங்கரை நடைபாதை அகலமானது, உட்கார இடமும் உண்டு. டிராம் பயணச்சீட்டிலேயே ஆற்றுப்படகிலும் போகலாம், கல்பாலத்தின் எதிர்க்கரையில் இருக்கும் துறையில் ஏறி சித்தே து வான் வரை போனால் நான் மேலே சொன்ன வளைவு முழுவதையும் அம்மா உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.