வாசகர் கேள்வி – பதில்: எழுத்து ஓடும் முன்பே கதை எதற்கு?

கேள்வி: என் மகன் ஒரு படத்தைப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டால் அதன் டிரெய்லரைக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் யாராவது விமர்சனத்தை உரக்கப் படித்தால் எழுந்து போய்விடுகிறான். நாங்களோ பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டே படம் பார்த்தவர்கள். அதனால் எங்கள் ரசனை ஒன்றும் குறைந்துவிடவில்லை. இது வீண் பிடிவாதம் அல்லவா?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்கும் பாட்டுப் புத்தகம் உங்கள் மகனுக்காகத்தான் சாட்சி சொல்லும். அந்தக் கதைச் சுருக்கம் நாயகனையும் நாயகியையும் சந்திக்க வைத்து, வில்லனை உள்ளே நுழைத்து, முடிச்சு விழுந்த இடத்தில் 'காதலர்கள் ஒன்று சேர்ந்தார்களா? பழி நீங்கியதா?' என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். ஆக, உங்கள் காலத்திலும் இதற்கு மேல் சொல்லக்கூடாது என்று ஒரு கோடு இருந்தது. உங்கள் மகன் அந்தக் கோட்டைப் படத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். இரண்டரை நிமிட டிரெய்லருக்குள் இடைவேளைக்குப் பிந்தைய திருப்பத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிற படங்கள் இருக்கும்போது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம், கதை தெரிந்தே ரசிப்பது நம்மிடம் மிகப் பழைய பழக்கம் என்பதையும் மறுக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் பதிகம், காப்பியம் தொடங்குவதற்கு முன்பே கோவலனின் கொலையையும் மதுரை எரிந்ததையும் சொல்லிவிடுகிறது. அரிச்சந்திரன் சுடலை காக்கப்போகிறான் என்பது தெரியாமல் மயான காண்டம் பார்க்க எவரும் விடிய விடிய உட்கார்ந்ததில்லை. 1931இல் 'காளிதாஸ்' வெளியான பிறகு வந்த தொடக்ககாலப் பேசும்படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகளாகவே இருந்தன; கொட்டகைக்கு வந்தவர்களுக்கு முடிவு முன்னமே தெரியும். அங்கெல்லாம் அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை. தெரிந்த ஒன்றை இந்த நடிகர் இன்று எப்படிச் செய்யப்போகிறார், எந்த இடத்தில் குரலை உயர்த்தப்போகிறார் என்பதற்காகவே காத்திருந்தார்கள்.

ஆனால் எதையோ மறைத்து வைத்து, அந்த மறைவின் மீதே கட்டப்பட்ட படங்கள் வேறு வகை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட பாடு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மூல நாவலின் உரிமையைத் தம் பெயர் வெளியில் தெரியாதபடி வாங்கினார். பத்திரிகை விமர்சகர்களுக்கென்று முன்கூட்டிய காட்சி எதையும் நடத்தவில்லை. அக்கால அமெரிக்கத் திரையரங்குகளில் படம் விடாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், பாதியில் நுழைந்து, விட்ட பகுதியை அடுத்த காட்சியில் பார்த்துவிட்டு எழுந்து போவது மக்களுக்கு வழக்கமாக இருந்தது. ஹிட்ச்காக் அந்த வழக்கத்தையே எதிர்த்து, படம் தொடங்கிய பின் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று நிபந்தனை போட்டு, கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டும் தம் உருவப்படத்தை அரங்கு வாசலில் நிறுத்தினார். ஏன் இத்தனை கெடுபிடி என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்; பார்க்காதவர்களுக்காக இங்கே அதைச் சொல்லாமல் விடுகிறேன். எழுத்து ஓடி முடிந்த பிறகும் சாவகாசமாக நுழைந்து கைபேசி வெளிச்சத்தில் இருக்கை தேடுகிற நம்மவர்களை அவர் கண்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ!

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் முடிவுதான் கெடுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதிகம் கெடுவது முன்பாதி. ஒரு திருப்பம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முன்னால் வரும் ஒரு மணி நேரமும் பேருந்து நிலையத்தில் காத்திருப்பது போலாகிவிடுகிறது. ஒரு பாத்திரத்தை நம்பி ஏமாறுவதற்கும், தவறான ஆளைச் சந்தேகித்துவிட்டுப் பிறகு வெட்கப்படுவதற்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. 2013இல் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்' பார்த்திருந்த நான், அதே ஜீத்து ஜோசப் 2015இல் தமிழில் எடுத்த 'பாபநாசம்' படத்துக்கும் போயிருந்தேன். காட்சிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, தொடக்கத்தில் சாதாரணமாகச் சொல்லப்பட்ட எந்தச் செய்தி பின்னால் பயன்படுகிறது என்றெல்லாம் நிதானமாகக் கவனிக்க முடிந்தது, அதுவும் இன்பம்தான். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் காவல்துறையினர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். அவர் மறுநாள் இன்னொரு டிக்கெட் வாங்கினால் எனக்குக் கிடைத்த இன்பம் அவருக்கும் கிடைக்கும். அவருடைய பதற்றத்தை நான் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. உங்கள் மகன் காத்துக்கொள்வது அந்த ஒருமுறைப் பதற்றத்தைத்தான்.

கேள்வி: கதை முன்பே தெரிந்திருந்தால் ரசனை கூடத்தான் செய்கிறது என்று அறிவியல் ஆய்வே சொல்வதாகப் படித்தேன். உண்மையா?
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அப்படி ஓர் ஆய்வு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011இல் அதை வெளியிட்டார்கள். 12 சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதில், முடிவை முன்பே அறிந்தவர்கள் சற்றுக் கூடுதலான மதிப்பெண் அளித்திருந்தார்கள். ஆனால் 2015இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதற்கு எதிரான முடிவையே கண்டது. சில பக்கச் சிறுகதையை ஆய்வுக்காகப் படிப்பதும், இருட்டில் இரண்டரை மணி நேரம் நூறு பேரோடு சேர்ந்து மூச்சடக்கி உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதால், இவற்றில் எதையும் திரைப்படத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க நான் தயாராக இல்லை.

பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று வாதிட்டவர்களில் ஹிட்ச்காக்கும் ஒருவர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் வெற்றுப் பேச்சுகூடப் பதினைந்து நிமிடப் பரபரப்பாகிவிடும் என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அவர் விளக்கினார். முடிவின் திருப்பமே கதையின் உயிராக இருக்கும் இடத்தை மட்டும் அவர் இதிலிருந்து விலக்கி வைத்தார். குண்டை எந்தக் காட்சியில் காட்டுவது என்று இயக்குநர் பல மாதம் யோசித்துத் தீர்மானிக்கிறார். அதே செய்தியை அலுவலக நண்பர் தேநீர் இடைவேளையில் சொன்னால் பரபரப்பு எங்கிருந்து வரும்?

கேள்வி: அந்த அலுவலக நண்பரை என்ன செய்வது?
(சேலத்திலிருந்து அதே அவதியில் ஒரு வாசகர்)

பதில்: முதல் நாளே பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால், அவர் பார்க்காத படத்தின் கதை உங்களுக்குத் தெரியும் என்பதை அவருக்கு மெல்ல உணர்த்துங்கள்.

கேள்வி: எட்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் படத்துக்குப் போவது பொறுப்பின்மை ஆகாதா?
(மதுரையிலிருந்து ஒரு தாய்)

பதில்: ஆகும். நான் மேலே சொன்னதெல்லாம் தனக்காக மட்டும் டிக்கெட் வாங்குகிறவருக்கு. இருந்தாலும், கதையை அறிவது வேறு, படத்தின் தன்மையை அறிவது வேறு. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 13+ என்று கண்டால் குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லலாம், அதற்குக் கதை தெரிய வேண்டியதில்லை. மேலும் ஐயமிருந்தால், முன்பே பார்த்த ஒருவரிடம் 'குழந்தை பயப்படுமா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அவர் விளக்கத் தொடங்குவதற்குள் நன்றி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கதை ஏதும் தெரியாமல் பார்ப்பதற்கு ஒரு பழைய தமிழ்ப் படம் சொல்லுங்களேன்.
(புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பாக 1954இல் வந்த இப்படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணைக்குப் பெயர்பெற்ற அவர் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை என்பது ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சாகிறார். இது முதல் காட்சியே என்பதால் சொன்னேன். இதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராது. இணையத்தில் தேடிப் பார்ப்பதானால், படம் முடியும்வரை அதன் கீழே எழுதப்பட்டிருக்கும் கருத்துகளின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள்; சுட்டவர் யாரென்று எழுபது ஆண்டுக்குப் பிறகும் அங்கே யாராவது எழுதி வைத்திருக்கக்கூடும்.