தாம்சன் தவறு செய்தாரா? அணு அமைப்பு குறித்துக் கேள்வி பதில்

பினாங்கில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (படிவம் 4 மாணவி, பட்டர்வொர்த்): ஐயா, டால்டன், தாம்சன், ரதர்ஃபோர்டு, போர், சாட்விக் என்று ஐந்து பெயர்கள், அணுவுக்கு ஐந்து படங்கள். தேர்வில் எல்லாம் குழம்பிப்போகிறது. எப்படி நினைவில் நிறுத்துவது?

பதில்: படத்தை விடு, மகளே. அவரவர் மேசைமேல் என்ன சோதனை இருந்தது என்று கேள். படம் தானாக வரும். டால்டன் 1803 வாக்கில் பார்த்தது, தனிமங்கள் ஒன்றோடொன்று சேரும் எடை விகிதங்களை. அதை விளக்க, பிளக்க முடியாத சிறு உருண்டையே போதும். தாம்சன் 1897இல் கேம்பிரிட்ஜில் கதோட் கதிர்களை, அதாவது காற்று நீக்கிய குழாயில் எதிர்மின் முனையிலிருந்து கிளம்பும் கதிர்களை, மின்புலத்தால் வளைத்துக் காட்டினார். அவருக்கு முன் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் முயன்றபோது குழாயில் வாயு மிச்சமிருந்ததால் கதிர் வளையவில்லை. தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார். குழாயில் எந்த வாயு, எந்த உலோகம் இருந்தாலும் மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. அப்படியானால் கதிரில் வரும் எதிர்மின் துகள், அதாவது எலக்ட்ரான், எல்லா அணுவுக்கும் பொது.

கேள்வி (ஒரு தாயார், சுங்கை ஆரா): "தாம்சன் தவறு, ரதர்ஃபோர்டு சரி" என்று என் மகன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறான். அப்படி எழுதலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு மனம் பொறுக்காது. அணு மின்நடுநிலை கொண்டது. உள்ளே எதிர்மின் துகள்கள் இருப்பது தெரிந்துவிட்டது. நேர்மின்சுமை எங்கே இருக்கிறது என்று காட்ட அன்று ஒரு சோதனையும் இல்லை. எங்கும் பரவியிருக்கிறது என்று தாம்சன் கொண்டது நியாயமான முடிவு.

அந்தச் சோதனை 1909இல் மான்செஸ்டரில் நடந்தது. ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும், இன்னும் பட்டம்கூட வாங்காத 20 வயது மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். ஒரு பக்கம் நேர்மின்சுமை கொண்ட ஆல்பா துகள்களை உமிழும் மூலம், எதிரே உலோகத் தகடு. மூலத்திலிருந்து துகள்கள் நேரே திரையில் பட்டுவிடாதபடி நடுவில் ஈயத் தடுப்பு. துத்தநாக சல்பைடு திரையில் துகள் பட்டால் ஒரு சின்ன மின்னல். அதை நுண்ணோக்கியில் பார்த்துக் கையால் எண்ண வேண்டும். மூலம் இருந்த அதே பக்கத்தில், வரக்கூடாத இடத்தில், மின்னல்கள் வந்தன. பிளாட்டினத் தகட்டில் ஏறக்குறைய 8,000 துகள்களுக்கு ஒன்று திரும்பி வந்தது. பாடநூல்கள் தங்கத்தை மட்டும் சொல்கின்றன. அவர்கள் பல உலோகங்களை வைத்துப் பார்த்தார்கள்.

பரவிக் கிடக்கும் மின்சுமையால் வேகமான ஆல்பா துகளைத் திருப்பி அனுப்ப முடியாது. ரதர்ஃபோர்டு கணக்குப் போட்டு, நேர்மின்சுமையும் பெரும்பாலான நிறையும் நடுவே ஒரு புள்ளியில் குவிந்திருக்க வேண்டும் என்று 1911இல் வெளியிட்டார். உங்கள் மகன் தாம்சன் பெயருக்கு நேரே "கதோட் கதிர்" என்றும், ரதர்ஃபோர்டு பெயருக்கு நேரே "திரும்பி வந்த துகள்கள்" என்றும் எழுதட்டும்.

கேள்வி (தொழிற்சாலைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்): அந்தப் புள்ளி உண்மையில் எவ்வளவு சிறியது?

பதில்: நம் பினாங்குத் தீவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஒரு தங்க அணுவை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால், நடுவே உள்ள அந்தப் புள்ளி, அதாவது அணுக்கரு, ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும்.

கேள்வி (டியூஷன் ஆசிரியை, ஜார்ஜ் டவுன்): எலக்ட்ரான் வட்டமாகச் சுற்றவில்லை என்றால், நீல்ஸ் போர் வரைந்த படத்தை ஏன் இன்னும் கற்பிக்கிறோம்?

பதில்: நல்ல கேள்வி. சுற்றும் எலக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்து, கண் இமைப்பதற்குள் கருவில் விழுந்துவிட வேண்டும் என்றது அன்றைய இயற்பியல். அணுவோ நிலைத்து நிற்கிறது. சில குறிப்பிட்ட ஆற்றல்கள் மட்டுமே அனுமதிக்கப்படும் என்று 1913இல் போர் சொன்னார். 656 நானோமீட்டர் சிவப்புக் கோடு உட்பட ஹைட்ரஜன் நிறமாலை, அதாவது அது உமிழும் ஒளிக் கோடுகள், அவர் கணக்கில் அப்படியே வந்தது. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தில் அதே கணக்கு கைகொடுக்கவில்லை. 1926இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்தபின் வட்டப்பாதை போனது, ஆற்றல் மட்டங்கள் நின்றன. மாணவர்கள் சோடியத்துக்கு 2.8.1 என்று எழுதுவது, அந்த மட்டங்களில் முறையே எத்தனை எலக்ட்ரான்கள் என்பதைத்தான். வட்டங்களை வரையச் சொல்லுங்கள்; அவை ஆற்றலைக் குறிக்கின்றன, பாதையை அல்ல என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வாசகர், பிறை): பண்டைய இந்தியத் தத்துவ ஞானி கணாதர் அன்றே அணுவைப் பற்றிச் சொல்லிவிட்டாரே?

பதில்: சொன்னார், கிரேக்கத்தில் டெமோகிரிட்டஸும் சொன்னார். இருவரும் பெரும் சிந்தனையாளர்கள். ஆனால் நிறுத்துப் பார்த்துச் சரிபார்க்கும் வழி டால்டன் காலத்தில்தான் கிடைத்தது.

கேள்வி (அதே மாணவி): நியூட்ரான் மட்டும் ஏன் 1932 வரை பிடிபடவில்லை?

பதில்: மின்சுமை இல்லையே, மகளே. மின்புலம் அதை வளைக்காது. திரையிலும் அது நேரடியாகத் தடம் காட்டாது. ஹீலியம் கருவில் மின்சுமை 2, நிறையோ 4. அந்த மிச்சம் என்ன என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மின்சுமையற்ற துகள் இருக்கலாம் என்று ரதர்ஃபோர்டு 1920இலேயே ஊகித்தார். ஆல்பா துகள்கள் பெரிலியத்தில் மோதினால் ஊடுருவும் கதிர் ஒன்று வந்தது. அது பாரஃபின் மெழுகிலிருந்து நேர்மின் துகள்களான புரோட்டான்களை உதைத்து வெளியேற்றியது. ஒளி போல நிறையற்ற காமா கதிர் என்று பிறர் நினைத்ததை, சாட்விக் மோதல் கணக்கால் மறுத்தார்: புரோட்டான் அளவு நிறையுள்ள துகளால்தான் அப்படி உதைக்க முடியும். உன் தனிம அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருப்பதும் அந்த நியூட்ரானால்தான். குளோரின் அணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கில் 18 நியூட்ரான்கள், மீதியில் 20. இந்த இரண்டு வகை அணுக்களின் நிறைகளுக்கும் சராசரி அது.