பக்கத்து ஃபிளாட்காரர் நின்றுகொண்டிருந்தார்

கேள்வி: 'நகர்ப்புற இந்தியர்களில் பெரும்பாலோர் நாடு சரியான திசையில் போவதாகச் சொல்கிறார்கள்' என்று அடிக்கடி செய்தி வருகிறது. எங்கள் தெருவில் பால்காரர் முதல் பேங்க் மேனேஜர் வரை விலைவாசியைத் திட்டாத ஆளில்லை. சர்வே என்பதே காசு கொடுத்து எழுதச் சொல்வதுதானே?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அப்படி ஒரே போடாகப் போட்டுவிட்டால் நம் இருவருக்கும் வேலை மிச்சம்! ஆனால் நீங்கள் எடுத்திருப்பதும் சர்வேதான். ஒரே தெருவில், உங்களிடம் எதைப் பேசினால் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரிந்தவர்களிடம்.

முதலில் உரசிப் பார்க்க வேண்டியது 'நகர்ப்புற இந்தியர்' என்ற சொல்லை. 'நாடு சரியான திசையில் போகிறதா?' என்று இப்ஸோஸ் என்ற ஆய்வு நிறுவனம் மாதாமாதம் நடத்தும் உலக சர்வேயில் இந்தியாவுக்குச் சுமார் 2,200 பேர். ஏ, பி, சி என்ற மேல்தட்டுப் பிரிவுகளில் இருப்பவர்கள். இதை அவர்களே குறிப்பில் சொல்லிவிடுகிறார்கள்; தலைப்புச் செய்தியாகும்போது குறிப்பு உதிர்ந்துவிடும். இந்தப் பிரிவுகளை எப்படிப் போடுகிறார்கள்? 2011-இல் நம் நாட்டு மார்க்கெட் ஆய்வாளர்கள் கொண்டுவந்த முறைப்படி, வீட்டில் முக்கியமாகச் சம்பாதிப்பவர் என்ன படித்திருக்கிறார், சீலிங் ஃபேன், காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கார், விவசாய நிலம் என்று 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பார்கள். உங்கள் பால்காரர் கணக்கில் வருவாரா மாட்டாரா என்பதை அவர் வீட்டு வாஷிங் மெஷின்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பதில் சொல்லும் வாய். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் டேப்லெட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "போன வருடத்தைவிட உங்கள் குடும்ப வருமானம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா சார்?" படிக்கட்டில் பக்கத்து ஃபிளாட்காரர் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். "கூடியிருக்கும்மா" என்றேன். அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட்டே வரவில்லை. காசு வாங்காமல் பொய் சொன்ன ஆள் நான்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை உள்ளது ரிசர்வ் வங்கியின் நுகர்வோர் நம்பிக்கை சர்வே மீதுதான். நிலைமை மேம்பட்டது என்பவர்களின் சதவீதத்திலிருந்து மோசமானது என்பவர்களின் சதவீதத்தைக் கழித்து, 100-ஐக் கூட்டுவார்கள். 100-க்குக் கீழே போனால் புலம்பல் ஜாஸ்தி. 2021 ஜூலையில், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த கையோடு, சென்னை, பாட்னா, குவாஹாட்டி உள்ளிட்ட 13 நகரங்களில் கேட்டபோது 'இன்றைய நிலை' 48.6. அதே ஆட்களிடம் அதே மூச்சில் 'அடுத்த வருடம் எப்படி இருக்கும்?' என்று கேட்டதற்கு 104! இன்றைக்கு அடுப்பு எரியவில்லை, அடுத்த வருடம் விருந்து. இதில் எது 'மக்கள் கருத்து'? இரண்டுமேதான். எதைத் தலைப்பாக்குவது என்பது செய்தி ஆசிரியரின் கையில். (நானும் அந்த ஜாதிதான்.)

விலைவாசியும் அப்படித்தான். 2025 அக்டோபரில் அரசுக் கணக்குப்படி சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். அடுத்த மாதம் ரிசர்வ் வங்கி வீடு வீடாகக் கேட்டபோது, விலை 6 சதவீதத்துக்கு மேல் ஏறியிருப்பதாக ஜனங்கள் சொன்னார்கள். அரசு ஏமாற்றியது என்றும் இல்லை, ஜனங்கள் உளறினார்கள் என்றும் இல்லை. தக்காளி விலை இறங்கினால் அரசுக் கணக்கு அதைக் குறித்துக்கொள்ளும். நமக்கு ஏறிய ஸ்கூல் ஃபீஸ்தான் ஞாபகத்தில் நிற்கும்.

'நாடு சரியாகப் போகிறதா?', 'பருப்பு விலை கட்டுப்படியாகிறதா?' இரண்டும் வேறு வேறு கேள்விகள். உங்கள் பேங்க் மேனேஜரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பால்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.