காசைப் படம் எடுப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

பழைய நாணயங்களைப் படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்? (சேலம்)

என்ன நாணயம், கையில் எவ்வளவு பணம், படம் எதற்கு? எதையுமே எழுதவில்லை. வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் விட்டம் 30 மி.மீ. சொச்சம். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் (படம் பதியும் சில்லு) உயரம் சுமார் 16 மி.மீ. ஆக 1:2 பெருக்கத்தில், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் காசில் பாதி அளவு இருந்தால், முழு ரூபாயும் அடங்கிவிடும். 1:1 மேக்ரோ இல்லாமல் முடியாது என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வாருங்கள். செகண்ட் ஹேண்டில் 16 மெகாபிக்சல் நிக்கான் ஒன்றும், பழைய 55 எம்எம் மைக்ரோ நிக்கார் மேனுவல் லென்ஸும் போதும். லென்ஸ் ஏஐ வகையா என்று பார்த்து வாங்குங்கள் (இது நிக்கானின் லென்ஸ் பொருத்தும் முறை, செயற்கை நுண்ணறிவு அல்ல). மிச்சப் பணம் ஸ்டாண்டுக்கும் விளக்குக்கும்.

விஜயநகரத் தங்கப் பணம் படத்தில் புள்ளி மாதிரி தெரிகிறது. (ஓசூர்)

இதற்குத்தான் 1:1 வேண்டும். மேலே சொன்ன லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாய் ஒன்று மாட்டினால் வந்துவிடும்.

போனிலேயே எடுக்கலாமா? (திருநெல்வேலி)

எடுக்கலாம். ஆனால் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போகாதீர்கள். போனின் நிழலே காசின் மேல் விழும். ஒரு சாண் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். அருகே போனதும் சில போன்கள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்குத் தாவும். அதை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

1835 காலணாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுத்தேன். பளபளக்கிறது, ஆனால் படத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. (கும்பகோணம்)

எத்தனை முறை எழுதுவது? தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். நீங்கள் அழுக்கு என்று நினைத்த கரும்பழுப்பு, செம்பு பல காலம் காற்றோடு சேர்ந்து உண்டான படலம். பள்ளத்தில் அது அடர்த்தியாகவும், கைபட்டுத் தேய்ந்த மேட்டில் வெளுத்தும் இருக்கும். தேய்ந்த காசில் எழுத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்த வித்தியாசம்தான். புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டது. இப்போது காசு முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. போதாக்குறைக்கு நீங்கள் தேய்த்த மெல்லிய கீறல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. விலையும் பாதிக்கு மேல் போயிருக்கும்.

மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றத்தான் சொன்னேன், துடைக்கச் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்குக் கலப்பில்லாத அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல. ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். உங்கள் காலணாவுக்கு இனி விளக்கின் முன் டிரேசிங் பேப்பர் கட்டி ஒளியை மென்மையாக்குவது ஒன்றுதான் வழி. மருந்து போட்டுத் திரும்பக் கறுப்பாக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அப்படிச் செய்து விற்பது ஏமாற்று.

ராஜராஜன் செப்புக்காசில் நிற்கும் உருவம் பள்ளமாகத் தெரிகிறது. (தஞ்சாவூர்)

வெளிச்சம் கீழிருந்து விழுகிறது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். அதனால் மேடு பள்ளமாகிவிடுகிறது. கடிகாரத்தில் 10, 2 இருக்கும் இடங்களில் இரண்டு எல்இடி வையுங்கள். காசு ரொம்பத் தேய்ந்திருந்தால் ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதை நன்றாகத் தாழ்த்துங்கள்.

ஒரு பக்கம் ஷார்ப், மறுபக்கம் மங்கல். எஃப்/22 வைத்தும் சரியாகவில்லை. (மதுரை)

எஃப்/22-வில் லென்ஸின் துளை மிகச் சிறியது. அதில் ஒளி விலகிப் பரவும் டிஃப்ராக்ஷனால் படம் மொத்தமும் மழுங்கும். எஃப்/8 போதும். கேமரா சாய்ந்திருக்கிறது. காசு வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் வரும்வரை கேமராவைத் திருப்புங்கள். பழைய ஸ்டுடியோவில் என்லார்ஜர் (ஃபிலிம் படத்தைப் பெரிதாக்கும் கருவி) ஸ்டாண்டு கிடைத்தால் விடாதீர்கள். ட்ரைபாடைவிட அது எவ்வளவோ மேல். 2 விநாடி டைமரும் மறக்க வேண்டாம்.

ப்ரூஃப் நாணயம் (சேகரிப்போருக்காகப் பளபளப்பாக அச்சிடுவது) கன்னங்கரேலென்று விழுகிறது. (சென்னை)

கண்ணாடி போன்ற பரப்பு, எதிரில் இருக்கும் கேமராவையே காட்டுகிறது. போட்டோ பிரேமின் மெல்லிய கண்ணாடியை லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விடுங்கள். எதிர்ப்பக்கம் கறுப்புத் தாள். ஒளி கண்ணாடியில் பட்டு நேராகக் காசில் இறங்கி, வந்த வழியே லென்ஸுக்கு ஏறும்.

இணைத்துள்ள பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் படத்தைப் பார்த்து விலை சொல்லவும். (விழுப்புரம்)

முடியாது. எடை எங்கே? 11.66 கிராம் இருக்க வேண்டியது 10 கிராம் காட்டினால் மேற்கொண்டு பேசவே தேவையில்லை. பின்பக்கப் படத்தையும் காணோம்.